ஏட்டில் பதியாத உழைப்பு

ஒரு மனிதனின் உழைப்பை, அவன் செய்து முடித்த பொருளைக் கொண்டு மதிப்பிடுவதே நமது வழக்கம். விவசாயிக்கு நெல் மூட்டை, மேசனுக்குச் சுவர், தையற்காரனுக்குச் சட்டை என்று கண்முன்னே காட்ட ஏதாவது ஒன்று இருக்கிறது. ஆனால், ஒன்றும் நடக்காமற் பார்த்துக்கொள்வதே தொழிலாக அமைந்தவனை எப்படி மதிப்பிடுவது? காவலாளி விழித்திருந்த இரவில் களவு நடக்கவில்லை என்றால், அது அவன் விழித்திருந்ததாலா, அன்று கள்வன் வராததாலா? இத்தகைய ஒருவன் முதுமையை நெருங்கும்போது அவனை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தால் எந்த அளவுகோலைக் கையிலெடுப்போம்?

இவ்வினாவை ஆராய நான் எடுத்துக்கொண்ட உதாரணம் நமது மண்ணுக்கு அந்நியமானது. அமெரிக்கர்கள் தாம் விளையாடும் உதைபந்தாட்டத்தில் முன்வரிசையில் நிற்கும் காவல் வீரனே அவ்வுதாரணம். வேறெங்கும் தத்துவமாகவே பேசப்படும் இவ்வினாவுக்கு அங்கே ஆண்டுதோறும் டொலரில் விடை சொல்லியாக வேண்டும் என்பதே இவ்வுதாரணத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். பணம் கொடுப்பவன் "தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

அமெரிக்க உதைபந்தாட்டம் பெயரளவில்தான் உதைபந்தாட்டம். பார்வைக்கு அது நாமறிந்த றக்பிக்கு நெருக்கமானது. அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேற வேண்டும். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தும் தனித்தனியாக வீசப்படுவதுபோல, இங்கும் ஆட்டம் சில விநாடிகளே நீடிக்கும் சிறு சிறு கட்டங்களாக நடைபெறும். பந்தைப் பெற்று, எறிவதா கொடுப்பதா என்று தீர்மானிப்பவர் குவாட்டர்பெக். புகழும் பணமும் பெரும்பாலும் அவருக்கே. அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பர். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் காட் இருவர், ஓரங்களில் டெக்கிள் இருவர். பந்தைத் தொடாத ஒருவரை மறித்து நிற்பது றக்பியில் குற்றம். அங்கே குற்றமாகக் கருதப்படும் அச்செயல்தான் இங்கே இந்த ஐவரின் முழுநேரத் தொழில். பாய்ந்து வரும் எதிரணியினரை உடலால் மறித்து, குவாட்டர்பெக்குக்கு இரண்டரை, மூன்று விநாடிகளைப் பெற்றுக் கொடுக்க வேண்டும். சாதாரணமாக இவர்கள் ஒவ்வொருவரும் 300 இறாத்தலுக்கு மேற்பட்ட எடையுடையவர்கள். பந்தை இவர்கள் சுமந்து ஓடுவதில்லை, எறிவதில்லை. மிக அபூர்வமாகவே புள்ளி பெறுவார்கள்.

இவர்களுள் இடப்புற ஓரத்தில் நிற்பவர் லெப்ட் டெக்கிள். வலக்கையால் எறியும் குவாட்டர்பெக் எறியத் திரும்பும்போது அவரது முதுகு இடப்புறத்துக்குத் திரும்புகிறது. அப்பக்கத்தால் வருபவனை அவரால் காண இயலாது. 1985 நவம்பர் 18 ஆம் திகதி வோஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனை நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியின் லோரன்ஸ் டெய்லர் வீழ்த்தியபோது தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. தொலைக்காட்சியில் நாடு முழுவதும் அதனைப் பார்த்தது. தைஸ்மன் அதன்பின் ஒருநாளும் ஆடவில்லை. மைக்கல் லூயிஸ் 2006 இல் வெளியிட்ட, லெப்ட் டெக்கிளின் எழுச்சியைப் பேசும் நூல் இச்சம்பவத்தோடுதான் தொடங்குகிறது. மறைவான பக்கத்தைக் காப்பவனின் அருமை, காவல் உடைந்த நாளில்தான் பலருக்கும் புரிகிறது.

இனி ஏட்டை நோக்குவோம். அமெரிக்கர்கள் தமது விளையாட்டுகளில் எண்ணாதது எதுவுமில்லை எனலாம். ஓடியவன் எத்தனை யார் ஓடினான், பிடித்தவன் எத்தனை பிடித்தான் என்பதெல்லாம் பதிவாகும். குவாட்டர்பெக்கைப் பந்தோடு வீழ்த்திய எதிரணி வீரனின் கணக்கும் 1982 முதல் உத்தியோகபூர்வமாகப் பதிவாகிறது. முன்வரிசைக் காவலனுக்கு மட்டும் அப்படியொரு பத்தி இல்லை. அவன் பெயர் மைதானத்தில் அறிவிக்கப்படுவது பெரும்பாலும் ஒரே சந்தர்ப்பத்தில்தான். எதிராளியைக் கையால் பற்றிப் பிடித்தால் 10 யார் தண்டம். பந்து புறப்படுமுன் அசைந்துவிட்டால் 5 யார் தண்டம். நடுவர் அவனது இலக்கத்தைச் சொல்லி அறிவிப்பார். நமது இரு தோள்களிலும் நன்மையையும் தீமையையும் எழுதும் மலக்குமார் இருக்கிறார்கள் என்பது நமது நம்பிக்கை. இந்த வீரனின் விடயத்திலோ உலகம் இடது தோளின் ஏட்டை மட்டுமே நெடுங்காலம் பேணி வந்தது.

இக்குறையை நீக்க அண்மைக்கால முயற்சிகள் இல்லாமலில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் ஒளிப்பதிவில் பார்த்து ஒவ்வொரு வீரனுக்கும் 0 முதல் 100 வரை புள்ளி வழங்கும் 'புரோ புட்போல் போகஸ்' என்ற நிறுவனம் உண்டு. வீரர்களின் தோட்கவசத்தில் பொருத்திய சில்லுகளின் மூலம், எதிராளியை ஒருவர் 2.5 விநாடிகள் தடுத்து வைத்திருந்தாரா என்று கணிக்கும் முறையை ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி கையாளுகிறது. இவை பயனற்றவை அல்ல. ஆயினும் ஓர் அடிப்படைச் சிக்கல் எஞ்சி நிற்கிறது. அந்தக் கட்டத்தில் இந்த வீரனுக்கு இடப்பட்ட கட்டளை என்ன என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நிச்சயமாகத் தெரியாது. தப்பி வந்தவனை மறிப்பது இவன் பொறுப்பா, பக்கத்தில் நிற்பவன் பொறுப்பா? குவாட்டர்பெக் பந்தை வேண்டிய நேரத்துக்கு மேல் கையில் வைத்திருந்தாரா? இவனுக்குத் துணையாக இன்னொருவர் நிறுத்தப்பட்டிருந்தாரா? ஐந்து பேர் சேர்ந்து தாங்கும் சுவரில் ஒரு கல்லின் பலத்தை மட்டும் தனியே நிறுத்துப் பார்ப்பது இலகுவானதல்ல.

ஜோ தோமஸ் என்ற வீரரின் வரலாறு இச்சிக்கலைத் தெளிவாக்கும். 2007 இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியில் லெப்ட் டெக்கிளாகச் சேர்ந்த அவர், 2017 ஒக்டோபரில் கையின் பின்தசை கிழியும்வரை தனது அணி பந்தோடு ஆடிய ஒரு கட்டத்தையேனும் தவறவிடவில்லை. தொடர்ச்சியாக 10,363 கட்டங்கள்! இக்காலத்தில் அவர் காத்து நின்ற குவாட்டர்பெக்மார் ஏறத்தாழ இருபது பேர். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். இடது ஓரத்தில் நின்றவர் மட்டும் மாறவில்லை. ஆனால் அணியின் பெறுபேறு என்ன? அவரது முதல் ஆண்டில் பிரவுன்ஸ் 10 ஆட்டங்களை வென்றது. அதன் பின்னர் அவர் இருந்த ஒவ்வோர் ஆண்டும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். 2016 இல் 16 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2017 இல் அதுவுமில்லை. இறுதிச் சுற்று ஆட்டமொன்றில்கூட விளையாடாமலேயே அவர் 2018 இல் ஓய்வு பெற்றார்.

வெற்றிதான் அளவுகோல் என்றால் தோமஸின் பெறுமதி மிகச் சொற்பம். ஆனால் அவரது முதற் பத்துப் பருவங்களிலும் அவர் நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்குத் தெரிவு செய்யப்பட்டார். 2023 இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றார். எந்தப் புள்ளிவிபரத்தை வைத்து? சாட்சியத்தை வைத்துத்தான். அவரோடு மோதி முன்னேற முடியாமற்போன எதிரணியினர், அவர் பக்கத்தில் நின்றவர்கள், ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த பயிற்றுநர்கள் ஆகியோரின் சாட்சியம்.

இந்த இடத்தில் எனக்கு நமது ஹதீஸ் கலை நினைவுக்கு வருகிறது. ஓர் அறிவிப்பாளர் நம்பத்தக்கவரா என்பதை முடிவு செய்ய நமது முன்னோர்களிடம் எந்தக் கருவியும் இருக்கவில்லை. அவரோடு பழகியவர்கள் யார், அவரது நினைவாற்றல் எத்தகையது, முதுமையில் அது தடுமாறியதா, குறை கூறியவர் பொறாமையால் கூறினாரா என்றெல்லாம் துருவி ஆராய்ந்தார்கள். அதற்கென்றே 'ஜரஹ் வதஃதீல்' என்ற ஒரு கலை வளர்ந்தது. ஒருவர் முதுமையில் நினைவு தடுமாறினார் என்று தெரியவந்தால், அதற்கு முன் அவரிடம் கேட்டவர்களையும் பின் கேட்டவர்களையும் பிரித்து நோக்கினார்களேயன்றி, அவரது முழு வாழ்வையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. எண்ணால் அளக்க முடியாத ஒன்றைச் சாட்சியத்தால் அளக்கலாம். ஆனால் சாட்சியத்தை ஏற்பதற்கும் ஒரு கடும் ஒழுங்கு வேண்டும் என்பதே அக்கலை தரும் பாடம்.

அடுத்து, முதுமையின் பிரச்சினைக்கு வருவோம். அன்ட்ரூ விட்வர்த் 2006 முதல் பதினொரு பருவங்கள் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு ஆடியவர். 2015 இல் அந்த அணி, வருங்காலத்தை எண்ணி, புதியவர்களைத் தெரிவு செய்யும் முதலிரு சுற்றுகளிலும் இளம் டெக்கிள்களையே தேர்ந்தது. 2017 மார்ச்சில் விட்வர்த்துக்கு 35 வயது. இந்த விளையாட்டில் அது கிழப்பருவம். பெங்கால்ஸிலிருந்து விலகிய அவரை லொஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி எடுத்துக்கொண்டது. 2016 இல் அந்த அணி 4 ஆட்டங்களை மட்டுமே வென்று, 32 அணிகளுள் மிகக் குறைவாக 224 புள்ளிகளைப் பெற்றிருந்தது. அதன் இளம் குவாட்டர்பெக் ஜரெட் கொப், தான் தொடங்கிய 7 ஆட்டங்களில் 26 தடவைகள் வீழ்த்தப்பட்டு ஏழிலும் தோற்றிருந்தார். விட்வர்த் வந்த 2017 இல் அதே கொப் 15 ஆட்டங்களில் 25 தடவைகளே வீழ்த்தப்பட்டார். அணி 11 ஆட்டங்களை வென்றது. 478 புள்ளிகளோடு முழு லீக்கிலும் முதலிடம் பெற்றது. அவ்வாண்டின் அதிசிறந்த வீரர்களின் அணியிலும் விட்வர்த்தின் பெயர் இருந்தது.

இதைக் கேட்டவுடன் "பார்த்தீர்களா, கிழவனின் பெருமை!" என்று கைதட்டத் தோன்றும். ஆனால் நியாயமாகச் சிந்திப்பவன் அவசரப்படலாகாது. அதே ஆண்டில்தான் ராம்ஸ் அணிக்கு ஷோன் மெக்வே என்ற புதிய பயிற்றுநர் வந்தார். புதிய சென்டர் ஒருவரும் வந்தார். கொப்புக்கும் ஓராண்டு அனுபவம் கூடியிருந்தது. நான்கு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து விளைவித்த ஒன்றில் எவ்வளவு பங்கு விட்வர்த்துடையது என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்கனாலும் முடியாது. 2022 பெப்ரவரி 13 இல் நடந்த சுப்பர் போல் இறுதியாட்டமும் அப்படித்தான். 40 வயது விட்வர்த் ராம்ஸின் இடது ஓரத்தில் நின்றார். எதிரே நின்றதோ அவரது பழைய அணியான பெங்கால்ஸ். அன்று அதன் குவாட்டர்பெக் ஜோ பரோ 7 தடவைகள் வீழ்த்தப்பட்டார். ராம்ஸ் 23-20 என்று வென்றது. விட்வர்த் விலகி ஐந்து பருவங்கள் ஆகியிருந்தன. அந்த 7 தடவைகளையும் அவரது வெளியேற்றத்தின் தண்டனையாகக் காட்டுவது கதை சொல்வதற்கு வாய்ப்பானது, நியாயத்துக்குப் பொருந்தாதது.

ஆயினும் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். 35 வயது என்ற எண்ணை மாத்திரம் வைத்து "முடிந்துவிட்டார்" என்று கருதியிருந்தால் அது பிழையாகியிருக்கும். வயது பொதுவிதியைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. முதுமை கால்களின் வேகத்தைக் குறைக்கிறது, காயம் ஆறும் நாட்களைக் கூட்டுகிறது. இதனை மறுப்பதற்கில்லை. 2020 இல் விட்வர்த்தே முழங்கால் காயத்தால் பல ஆட்டங்களை இழந்தார். அதேவேளை, எதிரி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறான், எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கப் போகிறான் என்பதைப் பந்து புறப்படுமுன் வாசிக்கும் அறிவு ஆண்டுகளால் மட்டுமே வருவது. முந்தித் தெரிந்தவனுக்கு ஓடவேண்டிய தூரம் குறைவு. பக்கத்தில் நிற்கும் இளைஞனுக்கு அவ்வறிவை ஒரு சொல்லில், ஒரு சைகையில் கடத்திவிடவும் அவனால் முடியும். அந்த இளைஞன் திறமையாக ஆடும்போது புள்ளி இளைஞனின் கணக்கில்தான் விழும்.

இவ்விடயம் விளையாட்டோடு நின்றுவிடுவதல்ல. நமது பாடசாலைகளில் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் ஐந்தாம் ஆண்டு ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், அது தகும். முதலாம் ஆண்டில் அந்தப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்த ஆசிரியை, அந்நேரம் சபையின் பின்வரிசையில் அமர்ந்திருப்பார். அவருடைய உழைப்பு பிறருடைய பெறுபேற்றுக்குள் கரைந்துவிட்டது. முன்வரிசைக் காவலனின் கதையும் அவ்வாறானதே.

மறுதரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். கழகம் தர்மஸ்தாபனம் அல்ல. 1994 முதல் அந்த லீக்கில் ஓர் அணி தனது வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அவ்வாண்டு அது 34.6 மில்லியன் டொலர். 2025 இல் 279.2 மில்லியன் டொலர். தொகை பெரிதானாலும் வரம்பு வரம்புதான். மூத்தவர் ஒருவருக்கு அன்பின் நிமித்தம் அள்ளிக் கொடுத்தால் அது முதலாளியின் பையிலிருந்து மட்டும் போவதில்லை. இன்னொரு வீரனுக்குக் கிடைக்க வேண்டியதும் குறையும். வாங்கில் அமர்ந்து முறைக்காகக் காத்திருக்கும் 23 வயது இளைஞனுக்கும் ஒரு ஹக்கு இருக்கிறது. அவனது சிறந்த ஆண்டுகளும் சிலவே. ஆகவே மூத்தவரை அனுப்புவதே அநீதி என்று சொல்வதற்கில்லை. இரக்கம் நீதியின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அதற்கான விலையை வேறு யாரோ செலுத்த நேரும்.

அப்படியானால் அநீதி எங்கே இருக்கிறது? பொருளுக்கு விலை உண்டு, மனிதனுக்குக் கண்ணியம் உண்டு. விலையுள்ளதை இன்னொன்றால் ஈடுசெய்யலாம், கண்ணியத்துக்கு ஈடில்லை என்ற கருத்தை 1785 இல் ஜேர்மன் தத்துவஞானி கான்ட் முன்வைத்தார். அணிக்கழகம் வீரனின் வருங்கால ஆட்டத்துக்கு விலை பேசுகிறது. அது வியாபாரம், அதில் தவறில்லை. வருங்கால ஆட்டத்தின் விலையையே அந்த மனிதனின் முழுப் பெறுமதியாக எண்ணத் தொடங்கும்போதுதான் தவறு பிறக்கிறது.

மைக் வெப்ஸ்டரின் கதை இதற்குச் சாட்சி. 1974 முதல் 1990 வரை பதினேழு பருவங்கள் ஆடிய சென்டர் அவர். அவற்றுள் பதினைந்து பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியோடு; அந்த அணி வென்ற நான்கு சுப்பர் போல் கிண்ணங்களிலும் அவருக்குப் பங்குண்டு. 1997 இல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஆனால் அந்த நாட்களில் அவரது புத்தி தடுமாறியிருந்தது. பணம் கரைந்துபோய், சில வேளைகளில் தனது வாகனத்திலேயே உறங்கினார். ஒவ்வொரு கட்டத்திலும் தலையோடு தலை மோதியதன் விளைவு அது. 2002 செப்டெம்பரில், 50 வயதில், அவர் இறந்தார். உடலைப் பரிசோதித்த நைஜீரிய மருத்துவர் பெனட் ஒமாலு அவரது மூளையில் கண்ட சிதைவைப் பற்றி 2005 இல் மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதினார். லீக்கின் குழுவைச் சேர்ந்த மருத்துவர்கள் அக்கட்டுரையை மீளப்பெறுமாறு கோரினர். வெப்ஸ்டரின் இயலாமைக்கொடுப்பனவு எந்த ஆண்டிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்ற வழக்கு அவர் இறந்த பின்னும் தொடர்ந்து, 2006 இல்தான் மேன்முறையீட்டு நீதிமன்றில் அவரது குடும்பத்துக்குச் சாதகமாக முடிந்தது.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற போதனையை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். வெப்ஸ்டருக்குச் சம்பளம் உரிய நாளில் கிடைத்தே இருக்கும். ஆனால் அவர் கொடுத்தது வியர்வையை மட்டுமல்லவே! அவரது மூளை தேய்ந்ததற்கான கூலி வியர்வை உலர்ந்து, உடலும் மண்ணுக்குள் சென்ற பின்னர்தான் வந்து சேர்ந்தது.

எனது சிந்தனைக்கு எட்டியவரை, நீண்டகாலம் உழைத்த ஒருவரை எடைபோடும்போது மூன்று கணக்குகளைத் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். முதலாவது, இனி அவரால் என்ன செய்ய முடியும் என்பது. இதனை வயதால் அல்ல, ஆளைப் பார்த்துக் கணிக்க வேண்டும். முடியாது என்று கண்டால் மரியாதையோடு அனுப்பலாம். இரண்டாவது, இதுவரை அவர் என்ன செய்தார் என்பது. இதனை எண்ணிக்கையில் தேடினால் கிடைக்காது. அவர் பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்க வேண்டும். மூன்றாவது, அந்த உழைப்புக்காக அவர் எதை இழந்தார் என்பது. இது கடன். ஒப்பந்தம் முடிவதோடு இக்கடன் முடிவதில்லை. முதற் கணக்கில் ஒருவர் பூச்சியமாகிவிட்ட நாளிலும் மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். உலகம் பெரும்பாலும் முதற் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறது.

மறைவாகச் செய்யப்படும் அமலுக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை, மறைவில் உழைப்பவனுக்கு ஆறுதல். அவனிடம் வேலை வாங்குபவனுக்கு அது சாட்டாகிவிடக் கூடாது. அவன் இக்லாஸோடு உழைக்கட்டும். அவனது ஹக்கைத் தேடிக் கண்டு கொடுப்பது நமது கடமை.